சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் கணக்கைப் படிக்கிறது எப்படி: ஒரே ஒரு சிஸ்டத்தைக் கடைசி வரைக்கும் கூட வச்சுக்கங்க

சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், கன்ட்ரோல், டைனமிக்கல் சிஸ்டம்ஸ்னு யுனிவர்சிட்டில வர்ற பேப்பர்களை நிறைய பேர் தனித்தனி சாப்டராத்தான் படிக்கிறாங்க. கன்வொல்யூஷனுக்கு ஒரு வாரம், ஃபூரியருக்கு ரெண்டு வாரம், அப்புறம் லாப்லாஸ், இசட் டிரான்ஸ்ஃபார்ம், ஸ்டேட் ஸ்பேஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒரு டேபிள், ஒவ்வொரு டேபிளும் மனப்பாடம், பரீட்சை முடிஞ்சு ஒரு மாசத்துல எதுவும் மனசுல நிக்காது. ஆனா இந்த மொத்த பாடத்துக்கும் அடியில இருக்கிறது ஒரே ஒரு விஷயம்தான். லீனியரா, நேரத்தோட மாறாம இருக்கிற ஒரு சிஸ்டத்துக்குள்ள ஒரு எக்ஸ்போனென்ஷியலை அனுப்புனா அதே எக்ஸ்போனென்ஷியல்தான் வெளிய வரும், அளவு மட்டும்தான் மாறும். மத்த எல்லாமே இதுலேர்ந்து கிளம்புறதுதான்.

அதனால நான் சொல்ற வழி இது. ஒரு சின்ன சிஸ்டத்தை எடுத்துக்கங்க, செமஸ்டர் முழுக்க அதை விடாதீங்க, கிளாஸ்ல புதுசா எது சொல்லிக் கொடுத்தாலும் அன்னிக்கே அந்த சிஸ்டத்து மேல போட்டுப் பாருங்க. ஒரே சிஸ்டத்தைப் பத்துப் பக்கத்துலேர்ந்து பாக்கும்போது அந்தப் பத்தும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போறது கண்ணு முன்னாடி தெரியும், அப்பதான் பாடம் மனசுல நிக்கும். இந்தக் கட்டுரைல நான் எடுத்துக்கிறது இதை:

ஒய் டபுள் டேஷ் + 3 ஒய் டேஷ் + 2 ஒய் = எக்ஸ்

எக்ஸ் உள்ள போற சிக்னல், ஒய் வெளிய வர்றது. நம்பர் எல்லாம் சின்னது, கையாலயே போட்டுடலாம். நோட்புக்ல இதுக்குன்னே பத்துப் பக்கம் ஒதுக்கி வைங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

இந்தப் பாடத்துல தடுமாறுறவங்கள்ல நிறைய பேர் புதுசா வர்ற விஷயத்துல தடுமாறுறதில்ல, பழைய கணக்குல கை ஓடாம நிக்கிறாங்க. காம்ப்ளெக்ஸ் நம்பர் வேணும், அதுலயும் ஈ பவர் ஜே தீட்டாவை காஸ் + ஜே சைன்னு பிரிக்கிறதும் திரும்ப சேர்க்கிறதும் யோசிக்காம வரணும். பார்ஷியல் ஃப்ராக்ஷன் வேணும். 2×2 மாட்ரிக்ஸுக்கு ஐகன்வேல்யூ கண்டுபிடிக்கத் தெரியணும். இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ் ஓரளவுக்குப் போதும். இதையெல்லாம் விட முக்கியம், ஆனா யாரும் அவ்வளவா சொல்லாதது, ஜியோமெட்ரிக் சீரிஸ். 1 + ஆர் + ஆர் ஸ்கொயர்னு போற கூட்டலோட விடை தெரிஞ்சா இசட் டிரான்ஸ்ஃபார்ம்ல பாதி முடிஞ்சது, டிஎஃப்டில, அதாவது சாம்பிள் எடுத்த நம்பர்களுக்கான ஃபூரியர்ல, வர்ற ஆர்த்தோகனாலிட்டி ப்ரூஃபும் அதேதான். அது எப்ப கன்வர்ஜ் ஆகும், ஆரோட மாட்யூலஸ் 1ஐ விடக் குறைவா இருந்தாத்தான்கிறது பின்னாடி ஸ்டெபிலிட்டியாவே திரும்பி வரும்.

செமஸ்டர் ஆரம்பத்துல முதல் வாரத்தை இதுக்கே கொடுத்துடுங்க, தப்பே இல்ல. டிரான்ஸ்ஃபார்ம் படிக்கும்போது பார்ஷியல் ஃப்ராக்ஷன்ல மாட்டிக்கிட்டா எது புரியல, எது கணக்குல தப்புன்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது, அது ரொம்ப சோர்வாக்கும்.

லீனியரா, டைம் இன்வேரியன்ட்டான்னு முதல்ல கேளுங்க

இந்த சாப்டரைச் சின்னதுன்னு நினைச்சு எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. தாண்டாதீங்க. லீனியர்னா ரெண்டு இன்புட்டைக் கூட்டி, பெருக்கி அனுப்புனா விடையும் அதே மாதிரி கூடி, பெருகி வரணும்; டைம் இன்வேரியன்ட்னா இன்புட்டைத் தள்ளி அனுப்புனா விடையும் அதே அளவு தள்ளி வரணும். ஒய் = 2எக்ஸ் + 3, வரைஞ்சா நேர்கோடுதான், ஆனா லீனியர் சிஸ்டம் இல்ல, ஏன்னா சும்மா ஜீரோ அனுப்புனாலே 3 வருது. ஒய்(டி) = எக்ஸ்(2டி), இது லீனியர், ஆனா டைம் இன்வேரியன்ட் இல்ல, உள்ள போறதை 1 செகண்ட் தள்ளி அனுப்புனா வெளிய அரை செகண்ட்தான் தள்ளுது. இந்த மாதிரி ஒரு பத்து சிஸ்டத்தை நீங்களே உருவாக்கி, ஒவ்வொண்ணுக்கும் பாஸா ஃபெயிலான்னு எழுதி, ஃபெயில்னா எந்த இன்புட்ல உடையுதுன்னும் எழுதுங்க. பின்னாடி வர்ற ஒவ்வொரு ஃபார்முலாவும் இந்த ரெண்டு கண்டிஷனையும் நம்பித்தான் நிக்குது, ரெண்டுல ஒண்ணு இல்லன்னா கன்வொல்யூஷனும் கிடையாது டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனும் கிடையாது.

எக்ஸ்போனென்ஷியலை உள்ள விட்டுப் பாருங்க

நம்ம சிஸ்டத்துக்கு எக்ஸ் = ஈ பவர் எஸ்டி கொடுங்க. ஒய்யும் அதே வடிவத்துல ஹெச் தடவை ஈ பவர் எஸ்டின்னு இருக்கும்னு வச்சுக்கிட்டு ஈக்வேஷன்ல போடுங்க. ஒவ்வொரு டிஃபரன்ஷியேஷனுக்கும் ஒரு எஸ் முன்னாடி வந்து நிக்கும், ஈ பவர் எஸ்டி எல்லா இடத்துலயும் அடிபட்டுப் போகும், மிச்சம் நிக்கிறது ஹெச் = 1 / (எஸ் ஸ்கொயர் + 3எஸ் + 2). டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் வந்தாச்சு. லாப்லாஸ் இன்டக்ரல் ஒண்ணு கூட போடல, கவனிங்க.

இப்ப இதுல நம்பர் போடுங்க. எஸ் = 0ன்னா உள்ள போறது மாறாத 1, வெளிய வர்றது 1/2. எஸ் = ஜே ரூட் 2 போட்டா எஸ் ஸ்கொயர் = மைனஸ் 2, அது கூட இருக்கிற 2ஐ அடிச்சுடும், மிச்சம் 1 / (3 ரூட் 2 ஜே). அதாவது ரூட் 2 ரேடியன் பெர் செகண்ட்ல ஒரு சைன் வேவ் அனுப்புனா அதோட உயரம் சுமார் 0.236ஆ சுருங்கி, சரியா 90 டிகிரி பின்னாடி போய் வெளிய வரும். இந்த ரூட் 2ஐயும் 90ஐயும் பென்சிலால வட்டம் போட்டு வைங்க, பின்னாடி வேணும்.

கீழ இருக்கிற எஸ் ஸ்கொயர் + 3எஸ் + 2, (எஸ் + 1)(எஸ் + 2)ன்னு பிரியும். இந்த மைனஸ் 1, மைனஸ் 2 ரெண்டுக்கும் பேரு போல் (pole). போல்னா என்னன்னு யாராவது கேட்டா, வெளியிலேர்ந்து எதுவுமே கொடுக்காதப்பவும் சிஸ்டம் தானா காட்டுற எக்ஸ்போனென்ஷியல்னு சொல்லுங்க, ஏன்னா எக்ஸ் = 0ன்னு வச்சு அதே டிஃபரன்ஷியல் ஈக்வேஷனைத் தீர்த்தா வர்றது ஈ பவர் மைனஸ் டி, ஈ பவர் மைனஸ் 2டிதான். போன செமஸ்டர்ல ஆக்ஸிலரி ஈக்வேஷன்னு படிச்சதும் இதேதான், பேரு மட்டும் வேற.

கன்வொல்யூஷன்

இதுக்குப் பயப்படாதவங்க கம்மி. இன்டக்ரல்லேர்ந்து ஆரம்பிக்கிறதாலதான் பயம் வருது, நம்பர்லேர்ந்து ஆரம்பிங்க. ஒரு சிஸ்டம் ஒரு தட்டு தட்டுனா 1, 1ன்னு பதில் கொடுக்குது. இப்ப நீங்க 1, 2, 3ன்னு மூணு தட்டு அடுத்தடுத்து தட்டுறீங்க. முதல் தட்டோட பதில் 1, 1. ரெண்டாவது தட்டு ஒரு அடி தள்ளி 2, 2. மூணாவது இன்னொரு அடி தள்ளி 3, 3. வரிசையா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு எழுதிக் கூட்டுங்க: 1, 3, 5, 3. முடிஞ்சது. மணியை ஒரு தடவை அடிச்சு அந்த ஓசை அடங்குறதுக்குள்ள திரும்பத் திரும்ப அடிச்சா காதுல விழுறது எல்லா ஓசையோட கூட்டலும்தானே, அவ்வளவுதான் விஷயம். ஃபோல்டு பண்ணி ஷிஃப்ட் பண்ணி மல்டிப்ளை பண்றதுங்கிற முறை இதே கூட்டலை வேற வரிசைல செய்யறது.

விடை சரியான்னு பாக்க ஒரு சின்ன வழி இருக்கு. உள்ள போனதோட மொத்தம் 6, தட்டுக்கு வந்த பதிலோட மொத்தம் 2, பெருக்குனா 12. விடைல 1 + 3 + 5 + 3 = 12. நீளமும் 3 + 2 − 1 = 4. பரீட்சைல கன்வொல்யூஷன் போட்டா இந்த ரெண்டு செக்கையும் விடாதீங்க, பத்து செகண்ட்தான் ஆகும். அந்த மொத்தத்தைப் பெருக்குற செக் ஏன் வேலை செய்யுது? கன்வொல்யூஷன் ஃப்ரீக்வென்சில பெருக்கலா மாறும்னு பின்னாடி படிப்பீங்க, அதுல ஃப்ரீக்வென்சி ஜீரோன்னு வச்சா வர்றதுதான் இது.

இப்ப நம்ம சிஸ்டத்துக்குத் திரும்புங்க. பார்ஷியல் ஃப்ராக்ஷன் போட்டா இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது ஒரே ஒரு தட்டுக்கு சிஸ்டம் கொடுக்கிற பதில், ஈ பவர் மைனஸ் டி − ஈ பவர் மைனஸ் 2டி. கம்ப்யூட்டரைத் தொடாம கையால வரைங்க. ஜீரோல ஆரம்பிச்சு, ஏறி, திரும்ப ஜீரோவுக்கு இறங்கணும். உச்சி எங்க? டிஃபரன்ஷியேட் பண்ணா ஈ பவர் டி = 2, அதாவது டி = சுமார் 0.69, உயரம் சரியா 1/4. பரப்பு 1 − 1/2 = 1/2. அந்த 1/2ஐ ஏற்கெனவே பாத்தோம், எஸ் = 0 போட்டப்ப வந்ததே அதேதான். நம்பர் கன்வொல்யூஷன்ல பாத்த அந்த மொத்தம்தான் இங்க பரப்பா வந்து நிக்குது. இப்படி ஒரு நம்பர் ரெண்டு வழில வர்ற ஒவ்வொரு தடவையும் நோட்புக்ல ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு இழுத்து வைங்க, செமஸ்டர் முடியும்போது பாடத்தோட மேப்பே அந்தக் கோடுகள்தான்.

லாப்லாஸ்ல விடக்கூடாத ஒண்ணு

டேபிளைப் பாத்து எழுதுறது யாருக்கும் வரும். ரீஜன் ஆஃப் கன்வர்ஜென்ஸை எழுதாம விடுறதுதான் பிரச்சனை. 1/(எஸ் + 2)ன்னு மட்டும் கொடுத்தா அதுக்கு ரெண்டு சிக்னல் உண்டு: டி ஜீரோவுக்கு மேல ஓடுற ஈ பவர் மைனஸ் 2டி ஒண்ணு, டி ஜீரோவுக்குக் கீழ மட்டும் இருக்கிற மைனஸ் ஈ பவர் மைனஸ் 2டி இன்னொண்ணு. ரெண்டோட இன்டக்ரலையும் கையால போட்டுப் பாருங்க, ஒரே விடை வரும், எஸ் எந்தப் பக்கம் இருந்தா இன்டக்ரல் கன்வர்ஜ் ஆகுதுங்கிறதுதான் வேற. அதனால ரீஜன் விடையோட ஒரு பாகம், அலங்காரத்துக்கு எழுதறது இல்ல. ஒருபக்க லாப்லாஸ் மட்டும் சொல்லித்தர்ற கோர்ஸ்ல இது வராது, அப்பவும் தெரிஞ்சு வச்சுக்கங்க, இசட் டிரான்ஸ்ஃபார்ம்ல கண்டிப்பா வரும்.

இன்னொரு எச்சரிக்கை. (எஸ் − 1) மேலயும் கீழயும் இருந்தா அடிச்சுட்டுப் போயிடத் தோணும். (எஸ் − 1) / ((எஸ் − 1)(எஸ் + 2)) பாக்க நல்ல பிள்ளையா 1/(எஸ் + 2) ஆயிடும், ஆனா சிஸ்டத்துக்குள்ள ஈ பவர் டின்னு வளர்ற ஒண்ணு இருக்கத்தான் செய்யுது, வெளிய தெரியல, அவ்வளவுதான். இது ஏன்னு ஸ்டேட் ஸ்பேஸ் வந்ததும் புரியும், 1960 வாக்குல கால்மன் கொண்டு வந்த கன்ட்ரோலபிலிட்டி (உள்ள இருக்கிறதை இன்புட்டால அசைக்க முடியுமா), அப்சர்வபிலிட்டி (உள்ள இருக்கிறது அவுட்புட்ல தெரியுமா) ரெண்டும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லுது.

ஃபூரியர்

முதல்ல கன்வென்ஷனைப் பாத்துக்கங்க. ஒரு புக்ல 1/2பை முன்னாடி இருக்கும், இன்னொண்ணுல ரெண்டு பக்கமும் 1/ரூட் 2பை, இன்னொண்ணுல ஹெர்ட்ஸ்ல எழுதி 2பையே வெளிய இருக்காது. கணக்கு டிபார்ட்மென்ட்ல ஐ, எலக்ட்ரிக்கல்ல ஜே. உங்க கோர்ஸ் எதைப் புடிச்சிருக்குன்னு நோட்புக்கோட முதல் பக்கத்துல பெருசா எழுதி வைங்க, வேற புக்லேர்ந்து ஃபார்முலா எடுத்தா மாத்தி எழுதிட்டுத்தான் பயன்படுத்தணும்.

சீரிஸ் படிக்கும்போது ஸ்கொயர் வேவை எடுத்து முதல் ஒரு டேர்ம், மூணு டேர்ம், பத்து டேர்ம்னு கூட்டி கம்ப்யூட்டர்ல வரைஞ்சே பாத்துடுங்க. தாவுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு கொம்பு முளைக்கும், டேர்ம் அதிகமாக அதிகமாக அது ஒல்லியாகும், ஆனா உயரம் குறையாது, தாவலோட அளவுல சுமார் 9 சதவீதத்துலயே நிக்கும். இதுக்கு கிப்ஸ் ஃபினாமினன்னு பேரு. ஃபூரியர் 1807ல பாரிஸ்ல வெப்பம் பத்தின கட்டுரையைக் கொடுத்தப்ப லக்ராஞ்ச் ஒத்துக்கல, தாவுற ஃபங்ஷனை சைனும் காஸும் கூட்டி எப்படிக் கொண்டு வர முடியும்னு அவருக்கு சந்தேகம். அவர் புக் 1822லதான் வெளிய வந்தது. உங்களுக்கும் அதே சந்தேகம் வந்தா நல்லதுதான், பாயின்ட்வைஸ், யூனிஃபார்ம், மீன் ஸ்கொயர்னு கன்வர்ஜென்ஸைப் பிரிச்சுப் படிக்கிறது எதுக்குன்னு அந்த சந்தேகம்தான் புரிய வைக்கும்.

டிஎஃப்டியை ஒரு தடவையாவது கையால போடணும். 1, 2, 3, 4 எடுத்துக்கங்க. விடை 10, −2 + 2ஜே, −2, −2 − 2ஜே. ரெண்டாவதும் நாலாவதும் ஒண்ணுக்கொண்ணு காஞ்சுகேட்டா இருக்கு பாருங்க, ரியல் சிக்னல்னா எப்பவும் அப்படித்தான். இப்ப பார்சவல் விதியை, அதாவது ரெண்டு பக்கமும் ஸ்கொயர் கூட்டல் ஒத்துப்போகணும்கிறதைச் சரிபாருங்க: 1 + 4 + 9 + 16 = 30, அந்தப் பக்கம் 100 + 8 + 4 + 8 = 120, நாலால வகுத்தா 30. இதைப் பண்ணிட்டு எஃப்எஃப்டிக்கு, அதாவது டிஎஃப்டியை வேகமாப் போடுற வழிக்குப் போனா அந்த அல்காரிதம் எதை மிச்சம் பண்ணுதுன்னு தெரியும். 1,024 பாயின்ட்டுக்கு நேரடியாப் போட்டா பத்து லட்சத்துக்கும் மேல பெருக்கல், கூலியும் டூக்கியும் 1965ல வெளியிட்ட வழில போட்டா சுமார் பத்தாயிரத்துக்குள்ள அடங்கிடும்.

சாம்பிளிங்குக்கு ஒரே ஒரு கணக்கு போதும். செகண்டுக்கு 1,000 சாம்பிள் எடுக்கிறீங்க, உள்ள போறது 900 ஹெர்ட்ஸ் காஸ். முதல் ஐஞ்சு சாம்பிளைக் கால்குலேட்டர்ல போடுங்க. அப்புறம் 100 ஹெர்ட்ஸ் காஸுக்கும் போடுங்க. ஒண்ணு விடாம ஒரே நம்பர். சாம்பிள் எடுத்த பிறகு எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, எந்த சாஃப்ட்வேராலயும் மீட்க முடியாது, அதனாலதான் ஃபில்டரை சாம்பிள் எடுக்கிறதுக்கு முன்னாடியே வைக்கிறாங்க. சிடில 44,100 சாம்பிள் வச்சதும் மனுஷ காது கேக்குற சுமார் 20,000 ஹெர்ட்ஸோட ரெண்டு மடங்கை விடக் கொஞ்சம் அதிகமா, ஃபில்டருக்கு இடம் விட்டுத்தான்.

ஸ்டேட் ஸ்பேஸும் கம்ப்யூட்டரும்

ஒய்யையும் ஒய் டேஷையும் ஒரு வெக்டரா வச்சா நம்ம சிஸ்டம் ஒரு மாட்ரிக்ஸ் ஆயிடும், முதல் ரோ 0, 1, ரெண்டாவது ரோ −2, −3. ஐகன்வேல்யூ போடுங்க: −1, −2. முன்னாடி பாத்த அந்த ரெண்டு போலேதான் (pole). இனிமே எந்த மாட்ரிக்ஸைப் பாத்தாலும் ஐகன்வேல்யூவோட ரியல் பார்ட் எந்தப் பக்கம்னு கண்ணு தானா தேடணும்.

இதைக் கம்ப்யூட்டர்ல ஓட்டும்போது ரெடிமேட் ஃபங்ஷனைக் கூப்பிடாதீங்க, முதல்ல நீங்களே ஆய்லர் முறைல, அதாவது இப்ப இருக்கிற சாய்வை வச்சு ஒவ்வொரு சின்ன ஸ்டெப்பா முன்னாடி போற வழில எழுதுங்க, பைத்தான்ல பத்து வரிதான், ஆக்டேவும் இலவசமாவே கிடைக்குது. ஸ்டெப் சைஸ் 0.1 வைங்க, அழகா வரும். 1.1 வைங்க, விடை பிளஸ், மைனஸ்னு மாறி மாறி வெடிச்சுப் போகும். சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு, பின்ன ஏன்? ஆய்லர் முறைல ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் பெருக்குற நம்பர் 1 + ஸ்டெப் × ஐகன்வேல்யூ. 0.1க்கு 0.9ம் 0.8ம், நிஜமா வரவேண்டியது 0.905ம் 0.819ம், பக்கத்துலதான் இருக்கு. 1.1க்கு ரெண்டாவது 1 − 2.2 = −1.2. மாட்யூலஸ் 1ஐத் தாண்டிடுச்சு. ஜியோமெட்ரிக் சீரிஸ் கண்டிஷன் திரும்பி வந்துடுச்சு பாருங்க. இசட் பிளேன்ல வட்டத்துக்குள்ள இருக்கணும்கிறதும், எஸ் பிளேன்ல இடது பக்கம் இருக்கணும்கிறதும் ஏன் ரெண்டு விதமான விதியா இருக்குன்னு இந்த ஒரு பரிசோதனைலயே தெளிவாயிடும்.

ஒரு பழக்கம் மட்டும் கண்டிப்பா வேணும், கம்ப்யூட்டர்ல ரன் பட்டன் அழுத்துறதுக்கு முன்னாடி கிராஃப் எப்படி வரும்னு பேப்பர்ல வரைஞ்சுடணும். எங்க ஆரம்பிக்கும், எங்க போய் நிக்கும், ஆடுமா ஆடாதா, எவ்வளவு நேரத்துல அடங்கும், இந்த நாலும் போதும். வரைஞ்சதும் வந்ததும் ஒத்துப்போகலன்னா அன்னிக்கு நீங்க படிக்க வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான், அடுத்த சாப்டரை இல்ல.

ஃபீட்பேக்: இங்கதான் எல்லாம் ஒண்ணா சேருது

இந்தப் பகுதிக்கு நிறைய நேரம் கொடுங்க. நம்ம சிஸ்டத்தைச் சுத்தி ஒரு லூப் போட்டு கெயின் கே வைங்க. கீழ வர்ற பாலினாமியல் எஸ் ஸ்கொயர் + 3எஸ் + 2 + கே. கே 0.25 ஆகுறப்ப ரெண்டு போலும் −1.5ல சேரும், அதுக்கு மேல போனா காம்ப்ளெக்ஸ் ஆயிடும், ஆட ஆரம்பிக்கும். கே = 10ன்னா ஸ்டெப் ரெஸ்பான்ஸ் போய் நிக்கிற அளவைச் சுமார் 22 சதவீதம் தாண்டிட்டுத் திரும்பும் (ஓவர்ஷூட்), அப்படியும் போய் நிக்கிறது 10/12, அதாவது 0.83லதான், 1ல நிக்காது. கேயை எவ்வளவு ஏத்துனாலும் அன்ஸ்டேபிள் ஆகாது, ஆனா முழுசா 1க்கும் வராது.

1க்கு வரணும்னா இன்டக்ரேட்டர் சேக்கணும், கே/எஸ். இப்ப பாலினாமியல் எஸ் க்யூப் + 3 எஸ் ஸ்கொயர் + 2எஸ் + கே. ரூட்டைக் கண்டுபிடிக்காமலே ஸ்டேபிளான்னு சொல்ற ரவுத் டேபிள் போடுங்க, 3 × 2 = 6, கே அதை விடக் குறைவா இருக்கணும். 1868ல மேக்ஸ்வெல் ஸ்டீம் இன்ஜினோட கவர்னர் ஏன் ஆடுதுன்னு ஆராய்ஞ்சப்ப அவருக்கு வந்ததும் மூணாம் டிகிரிக்கான இந்த மாதிரி கண்டிஷன்தான். சரி, கே = 6ல சரியா என்ன நடக்குது? பாலினாமியல் (எஸ் + 3)(எஸ் ஸ்கொயர் + 2)ன்னு உடையும். போல் பிளஸ் மைனஸ் ஜே ரூட் 2ல, இமேஜினரி ஆக்சிஸ் மேலயே உக்காந்திருக்கும், சிஸ்டம் ரூட் 2 ரேடியன் பெர் செகண்ட்ல அடங்காம ஆடிக்கிட்டே இருக்கும்.

ரூட் 2. பென்சிலால வட்டம் போட்டு வச்ச அதே ரூட் 2. அந்த ஃப்ரீக்வென்சில சிஸ்டம் 90 டிகிரி பின்னாடி போகுதுன்னு பாத்தோம், இன்டக்ரேட்டர் தன் பங்குக்கு இன்னொரு 90, மொத்தம் 180, நெகட்டிவ் ஃபீட்பேக் பாசிட்டிவ் ஆயிடுச்சு. உயரம்? சிஸ்டம் 1/(3 ரூட் 2), இன்டக்ரேட்டர் 1/ரூட் 2, பெருக்குனா 1/6. கே 6 வச்சா சுத்தி வர்றது சரியா 1. 1932ல நைக்விஸ்ட் கொடுத்த விதியைப் போட்டாலும் இதே 6, போடே பிளாட் வரைஞ்சாலும் 6, ரூட் லோகஸ் வரைஞ்சா இமேஜினரி ஆக்சிஸை வெட்டுற இடத்துலயும் 6. ஒரு சாயங்காலம் உக்காந்து இந்த நாலையும் ஒரே பக்கத்துல போடுங்க. இத்தனை நாளா தனித்தனியாத் தெரிஞ்ச சாப்டர் எல்லாம் ஒரே நம்பருக்கு வந்து சேர்றதைப் பாக்கிற சந்தோஷம் எந்த மார்க்லயும் கிடைக்காது.

நான்லீனியருக்குப் போகும்போது

டைனமிக்கல் சிஸ்டம்ஸ் பேப்பர் எடுத்தா புது ஊருக்கு வந்த மாதிரி பதற வேண்டாம், நம்ம சிஸ்டமே கூட வரும். 2 ஒய்க்குப் பதிலா 2 சைன் ஒய் போட்டு எக்ஸை ஜீரோ ஆக்குங்க, உராய்வு அதிகமா இருக்கிற பெண்டுலம் கிடைக்கும். கீழ தொங்குற நிலைல சைன் ஒய்யை ஒய்யாவே எடுத்துக்கலாம், அப்படியே பழைய ஈக்வேஷன், போல் −1, −2. தலைகீழா நிக்கிற நிலைல குறி மாறி எஸ் ஸ்கொயர் + 3எஸ் − 2 ஆகும், ரூட் சுமார் 0.56ம் −3.56ம். ஒண்ணு பாசிட்டிவ், ஒண்ணு நெகட்டிவ், அதாவது ஒரு திசைல உள்ள இழுத்து இன்னொரு திசைல வெளிய தள்ளுற இடம், இதுக்கு சாடில்னு பேரு. ஃபேஸ் பிளேன்ல (ஒய் ஒரு ஆக்சிஸ், ஒய் டேஷ் இன்னொரு ஆக்சிஸ்) இந்த ரெண்டு இடத்தையும் குறிச்சு, சாடில்ல எந்த திசைல இழுக்குது எந்த திசைல தள்ளுதுன்னு ஐகன்வெக்டரை வரைஞ்சா மிச்சப் படம் தானா வந்துடும்.

லீனியரைஸ் பண்றது பக்கத்துல நடக்கிறதை மட்டும்தான் சொல்லும். தூரத்துலேர்ந்து விட்டாலும் வந்து அடங்குமான்னு தெரியணும்னா லியாபுனோவ் 1892ல எழுதுன வழி வேணும். எனர்ஜி மாதிரி ஒண்ணை எடுங்க, ஒய் டேஷ் ஸ்கொயர்ல பாதி + 2(1 − காஸ் ஒய்). நேரத்தைப் பொறுத்து டிஃபரன்ஷியேட் பண்ணி ஈக்வேஷனை உள்ள போட்டா சைன் எல்லாம் அடிபட்டு மைனஸ் 3 ஒய் டேஷ் ஸ்கொயர் மட்டும் மிஞ்சும். எப்பவும் ஜீரோ அல்லது அதுக்குக் கீழ, அதனால எனர்ஜி ஏறவே ஏறாது. ஒய் டேஷ் ஜீரோவா இருக்கிற கணத்துல என்ன ஆகும்னு ஒரு ஓட்டை இருக்கு இல்லையா, அதை அடைக்கிறதுதான் லாசால் தியரம். ப்ரூஃப் எழுதும்போது இந்த ஓட்டையை நீங்களே கண்டுபிடிச்சுட்டு அப்புறம் தியரத்தைப் படிச்சா மறக்கவே மறக்காது. கேயாஸ் பத்தி ஆசை இருந்தா, ஃபோர்ஸ் இல்லாத இந்த ரெண்டு வேரியபிள் சிஸ்டத்துல அது வராது, தொடர்ச்சியான நேரத்துல குறைஞ்சது மூணு வேணும், லோரென்ஸ் 1963ல எடுத்ததும் மூணுதான்.

வாரத்துக்கு வாரம்

கிளாஸ் நடந்த அன்னிக்கே அரை மணி நேரம், நோட்ஸைத் திருப்பிப் படிக்காம, புதுசா வந்த கருவியை உங்க சிஸ்டத்து மேல போடுங்க. வாரக் கடைசில புரோப்ளம் ஷீட், முதல்ல தனியா, அப்புறம் ரெண்டு மூணு பேரா சேர்ந்து, சேர்ந்து உக்காரும்போது விடையை ஒப்பிடாதீங்க, வழியை ஒருத்தர் போர்டுல விளக்கணும், மத்தவங்க ஏன் ஏன்னு கேக்கணும். சொல்யூஷன் பாத்து தலையாட்டுறது படிப்பு ஆகாது, பாத்தே ஆகணும்னா பாத்துட்டு மூடி வச்சு மறுநாள் வெறும் பேப்பர்ல திரும்பப் போடுங்க. டேபிள்ல மனப்பாடம் பண்ண வேண்டியது ரொம்பக் கொஞ்சம்: எக்ஸ்போனென்ஷியல், ஷிஃப்ட், டெரிவேட்டிவ், கன்வொல்யூஷன். காஸும் சைனும் எக்ஸ்போனென்ஷியல்லேர்ந்து வந்துடும், டியால பெருக்குறதுக்கான விதி டெரிவேட்டிவ்லேர்ந்து வந்துடும். பரீட்சைல விடை வந்ததும் டி = 0ல என்ன, டி ரொம்பப் பெருசானா என்ன, யூனிட் ஒத்துப்போகுதான்னு பாத்துடுங்க.

இந்தக் கட்டுரைல இருக்கிற சிஸ்டத்தை முழுசா முடிச்சுட்டீங்கன்னா அடுத்தது ஒய் டபுள் டேஷ் + 2 ஒய் டேஷ் + 5 ஒய் = எக்ஸ். இது தானாவே ஆடுற சிஸ்டம், போல் −1 பிளஸ் மைனஸ் 2ஜே. இங்கேர்ந்து எதையும் பாக்காம முதல்லேர்ந்து எல்லாத்தையும் போடுங்க. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் 1/2 ஈ பவர் மைனஸ் டி சைன் 2டி வரணும், ஸ்டெப் ரெஸ்பான்ஸ் 1/5ல போய் நிக்கணும், வழில சுமார் 21 சதவீதம் ஓவர்ஷூட் ஆகணும், ஆய்லர் ஸ்டெப் 0.4க்குக் கீழ இருந்தாத்தான் அடங்கணும், இன்டக்ரேட்டரோட லூப் போட்டா கே 10ல ரூட் 5 ஃப்ரீக்வென்சில ஆடணும். எது ஒத்துப்போகலையோ அந்த சாப்டரைத் திறங்க.